விட்டுவைத்த நாலு வரிசை

குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பது என் தொழில். பால்கடை, கறிக்கடை, மருந்துக்கடை என்று ஊரில் எங்கே எது சூடானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஒரு விவசாயி வீட்டிலிருந்து, “பாக்டீரியா கெட்டுப்போயிடும், கொஞ்சம் சீக்கிரம் வாங்க” என்று போன் வந்தது அதுதான் முதல் தடவை. கெட்டுப்போனால்தானே பாக்டீரியா வரும் என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்படித்தான் அந்த வீடு எனக்குப் பழக்கமானது. அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் விவசாயம். ஆறு ஏக்கர், பெரும்பாலும் மக்காச்சோளம். தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அண்ணனை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர் மனைவியைப் பெரியவள் என்றும் தம்பி மனைவியைச் சின்னவள் என்றும் தெருவே சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். சின்னவள் நுண்ணுயிர் படிப்பு படித்தவள். நகரத்தில் ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, குழந்தை பிறந்த பிறகு அதை விட்டுவிட்டு இங்கே வந்தாள். வீட்டின் பின்பக்கம் உர மூட்டை அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து, சுவரில் வெள்ளை ஓடு பதித்து, ஒரு பழைய ஃபிரிட்ஜ், கிருமி வளர்க்க ஒரு வெதுவெதுப்புப் பெட்டி, இரவும் பகலும் புட்டிகளை ஆட்டிக்கொண்டே இருக்கிற ஒரு குலுக்கு மெஷின் என்று வைத்திருந்தாள். அந்த மெஷினின் சத்தம் யாரோ அறைக்குள் ஓயாமல் அரிசி புடைப்பதைப் போல இருக்கும்.

அந்த ஃபிரிட்ஜில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாது என்பது சின்னவளின் சட்டம். ஒரு தடவை நான் போயிருந்தபோது நடுத்தட்டில் ஒரு தயிர்க் கிண்ணம் இருந்தது. சின்னவள் அதை வெளியே எடுத்துக் காட்டினாள்.

“அக்கா, இது என்ன?”

“அதுவும் பாக்டீரியாதானடி. சொந்தக்காரங்க ஒண்ணா இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள் பெரியவள்.

இவர்கள் இரண்டு பேரும் ஓரகத்திகள் என்று புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். சின்னவளின் நாலு வயது மகளுக்குத் தலைவாருவது, சோறு ஊட்டுவது, பக்கத்தில் போட்டுத் தூங்க வைப்பது எல்லாம் பெரியவள்தான். பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பெரியவர் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் நான் கம்ப்ரஸரை மாற்றிவிட்டுக் கை கழுவும்போது, சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று உட்கார வைத்துவிட்டார்கள். அப்போது சின்னவள் ஒரு காகிதத்தைப் பெரியவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மண் பரிசோதனைத் தாள்.

“மாமா, நம்ம மண்ணுல மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், நிறைய இருக்கு. அளவுக்கு மேலேயே இருக்கு.”

“நிறைய இருந்தா பயிருக்கு ஏன் பத்தல? ஒவ்வொரு போகமும் நான் எதுக்கு மூட்டை மூட்டையாக் கொட்டுறேன்?”

“நீங்க இத்தனை வருஷமாக் கொட்டினதுல பாதிக்கு மேல எங்கேயும் போகல. சுண்ணாம்போட சேர்ந்து கெட்டியா இறுகிக் கிடக்கு. வேரால அதை உறிஞ்ச முடியாது. நான் வளர்க்கிற இந்தப் பூச்சிங்க வேரைச் சுத்தி உட்கார்ந்து ஒரு புளிப்பை விடும். இறுகினது கரையும். வேர் குடிச்சுக்கும்.”

பெரியவர் உருளைக்கிழங்கைப் பிட்டார்.

“அப்ப நான் போட்டதையெல்லாம் மண்ணே தின்னுடுச்சுங்கற.”

“தின்னல மாமா. வாயில அதக்கி வெச்சிருக்கு.”

வேன்காரருக்குப் புரையேறிவிட்டது. பெரியவரும் சிரித்துவிட்டார். சாப்பிட்டு எழும்போது, “ரோட்டோரம் ஒரு ஏக்கரை எடுத்துக்க. அதுல மணிச்சத்து மூட்டை ஒண்ணு கூடப் போடமாட்டேன். பாக்கலாம்” என்றார்.

“ரோட்டோரமா? எல்லார் கண்ணும் படுமே” என்றாள் பெரியவள்.

“படட்டும். நல்லா வந்தா நாலு பேர் இவ மருந்தை வாங்குவாங்க இல்ல?” என்றார் அவர்.

விதைப்பு முடிந்தது. புட்டியில் இருந்ததை முற்றத்து நீல டிரம்மில் கலந்து, உழவுச் சாலில் ஊற்றினார்கள். சின்னவள் அன்றைக்குப் புட்டிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, புட்டியில் ஒட்டுகிற சீட்டு அடித்து வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். கலந்து கொடுத்தது பெரியவள். ஊற்றியது கூலிக்கு வந்த இரண்டு பெண்கள்.

மூன்றாவது வாரம் மேகம் மூடிக்கொண்டது. பகலிலேயே குளிர் அடித்தது. ஃபிரிட்ஜ் பழுது எனக்கு அப்படிப்பட்ட நாட்களில் குறைவு. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு வேலையாக அந்த வழியே போனவன், ரோட்டோரம் இறங்கி நின்றேன். அந்த ஒரு ஏக்கர் முழுக்கச் செடிகள் கணுக்கால் உயரத்தில் நின்றுகொண்டிருந்தன. இலையின் ஓரமெல்லாம் ஊதா. யாரோ மையில் தோய்த்து எடுத்து நட்டு வைத்ததைப் போல. மணிச்சத்து கிடைக்காத சோளம் அப்படித்தான் ஆகுமாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பெரியவர் வழக்கப்படி மூட்டை போட்ட ஐந்து ஏக்கரும் பச்சையாக நின்றது.

எனக்கு முன்பே அங்கே நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவருக்குப் பெயரே ‘ஆனாலும்’தான். எதைச் சொன்னாலும் ‘ஆனாலும்’ என்று ஆரம்பிக்கிறவர்.

“ஆனாலும் இது சோளமா, கத்தரிக்காயா?” என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். வரப்பில் நின்ற பெரியவர் காதில் அது விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தார். அவர் கை போன இடத்தில் களையே இல்லை.

வீட்டுக்குள் போனால் சின்னவள் ஆய்வறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வரிசையாகக் கண்ணாடித் தட்டுகள். பால் திரிந்து உறைந்ததைப் போல வெள்ளையாக ஏதோ அதில் படர்ந்திருந்தது. ஒரு தட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.

“இந்தப் புள்ளிங்களைச் சுத்தி வளையம் தெரியுதா? தெளிவா?”

தெரிந்தது. பனி படிந்த கண்ணாடியில் விரல் வைத்து எடுத்த இடம் மாதிரி.

“இந்த வளையம் வந்தா, அது உயிரோட இருக்கு, கரைக்கிற வேலையையும் செய்யுதுன்னு அர்த்தம். மிச்சமிருந்த புட்டியிலேர்ந்து எடுத்தது இது. நல்லாத்தான் இருக்கு. இது வயல் மண்ணுலேர்ந்து எடுத்தது.” அடுத்த தட்டைக் காட்டினாள். அதில் ஏதேதோ முளைத்திருந்தது. வளையம் ஒன்றுகூட இல்லை. “புட்டியில இருந்தது மண்ணுல இல்ல. நடுவுல எங்கேயோ செத்திருக்கு. வெயில்ல வெச்சா சாகும். சூட்டுல சாகும். கிருமி மருந்து பட்டா சாகும். நான்தான் எங்கேயோ கவனம் தப்பியிருக்கேன்.”

வாசற்படியில் குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்த பெரியவளின் சீப்பு நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது. அன்றைக்கு அதை நான் கவனித்தேனே தவிர, ஒன்றும் தோன்றவில்லை.

பெரியவர் உள்ளே வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ரெண்டு மூட்டை இருக்கு. நாளைக்கே போட்டா பிழைச்சுக்கும். போடட்டுமா? உன்னைக் கேக்காம போடமாட்டேன்.”

“ஒரே ஒரு தடவை நேரா வேர்ல ஊத்திப் பாக்குறேன் மாமா. இந்தத் தடவை நானே கலக்குறேன். டிரம் வேண்டாம். கிணத்துலேர்ந்து நேரா மொண்டு ஊத்தலாம்.”

“சரி.”

“ஆனா நாலு வரிசையை விட்டுடணும். கடைசி நாலு. அதுக்கு எதுவும் ஊத்தக் கூடாது.”

பெரியவருக்குப் புரியவில்லை. “மருந்து பத்தாதா?”

“பத்தும். சும்மா விட்டுவைக்கணும். நாளைக்கு வெயில் வந்தா குளிருல ஊதாவானது தானாவே கொஞ்சம் பச்சையாகும். அப்ப இது மருந்தால ஆச்சா, வெயிலால ஆச்சான்னு எப்படிச் சொல்லுவீங்க? ஊத்தாத நாலு வரிசை பக்கத்துல இருந்தாத்தானே தெரியும்?”

“அது வரைக்கும் அந்த நாலு வரிசை?”

“அப்படியே இருக்கும்.”

பெரியவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். குரல் உயரவில்லை, ஆனால் அந்த மாதிரி அவர் பேசி நான் கேட்டதில்லை. “பட்டினி கிடக்குதுன்னு தெரியுது. சோறு கையில இருக்கு. ஊட்டாம பக்கத்துல நின்னு வேடிக்கை பாருன்னு சொல்ற. இல்லம்மா?”

“மாமா...”

“நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் செய்யறேன். எனக்கு அந்தப் பக்கம் போகத்தான் முடியாது, அவ்வளவுதான்.”

சொன்னபடியே செய்தார். அடுத்த நாள் முழுக்கக் கிணற்றிலிருந்து மொண்டு மொண்டு ஒவ்வொரு செடியின் காலிலும் ஊற்றினார்கள். வேன்காரர் கூட லீவு போட்டுவிட்டு வந்தார். கடைசி நாலு வரிசைக்கு முன்னால் சின்னவள் ஒரு கயிறு கட்டினாள். அதற்குப் பிறகு பெரியவர் வயலுக்குப் போனால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே வேலை செய்வார்.

நாலைந்து நாளில் மேகம் கலைந்தது. வெயில் சுள்ளென்று வந்தது. எனக்கு வேலை கூடிப்போய் இரண்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. வெதுவெதுப்புப் பெட்டியில் சூடு நிற்கவில்லை என்று கூப்பிட்டபோதுதான் போனேன். ரோட்டோர ஏக்கர் இடுப்பளவு வளர்ந்து கரும்பச்சையாக நின்றது. எனக்கே மனசு நிறைந்துவிட்டது. உள்ளே போய், “என்னம்மா, ஜெயிச்சுட்டீங்க போலிருக்கே!” என்றேன்.

சின்னவள் சிரிக்கவில்லை.

“போய்க் கடைசி நாலு வரிசையைப் பாத்துட்டு வாங்க.”

போனேன். கயிறு அப்படியே இருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கமும் அதே பச்சை, அதே உயரம்.

“ஒரு வித்தியாசமும் இல்ல” என்றாள், நான் திரும்பி வந்ததும். “வெயில் வந்தது, எல்லாம் சேர்ந்து தேறிடுச்சு. நான் ஊத்தினாலும் ஒண்ணுதான், ஊத்தாட்டாலும் ஒண்ணுதான்.”

“அதனால என்ன? பயிர் வந்துடுச்சில்ல? பாக்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

“ஞாயித்துக்கிழமை முப்பது நாப்பது பேர் வர்றாங்க. பச்சையா இருக்குன்னு கேள்விப்பட்டு அவங்களாவே வர்றாங்க. அடுத்த போகத்துக்கு மணிச்சத்து மூட்டையைக் குறைச்சுட்டு என் புட்டியை நம்பப்போறாங்க. வேலை செய்யுதான்னு எனக்கே தெரியாத ஒண்ணை எப்படிக் கொடுப்பேன் சொல்லுங்க?”

“என்னதான் சொல்லப்போறீங்க?”

“உள்ளதைச் சொல்லப்போறேன். இது வெயிலால ஆனது, என் மருந்தால இல்லன்னு.”

பழைய கம்பெனிக்கு அவள் போன் செய்துவிட்டாள் என்று வேன்காரர் சொன்னார். அடுத்த மாதமே வேலையில் சேரச் சொல்லியிருந்தார்கள். அவருக்கும் அங்கே வண்டி ஓட்டுகிற வேலை கிடைக்கும். ஒரு வீடு பார்க்க வேண்டும், குழந்தைக்கு ஒரு பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். சொல்லும்போது அவர் வேன் கண்ணாடியை, அது பளபளவென்று இருந்தும், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மீண்டும் போனேன். முந்தின தடவை மாட்டிய சூட்டு அளவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சின்னவள் குளித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியவள் ஒரு முறத்தில் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஆய்வறைக்குள் வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்த அறைக்குள் வெங்காயம் வரக் கூடாது. அது அவளுக்கும் தெரியும்.

“மெக்கானிக் தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க.”

“கேளுங்கம்மா.”

“பிளீச்சிங் பவுடர் இருக்கில்ல? அது கெட்ட கிருமியை மட்டும்தானே கொல்லும்? நல்லதை ஒண்ணும் பண்ணாதில்ல?”

நான் திருப்புளியைக் கீழே வைத்தேன். “அது என்ன ஆள் பார்த்தா கொல்லும்? எல்லாத்தையும்தான்.”

அவள் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

“விதைக்கிற வாரம் தெருவுல எல்லாருக்கும் வயித்துப்போக்கு. சுகாதாரத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்து ஆளுக்கு ஒரு பாக்கெட் கொடுத்துட்டு, தண்ணி பிடிச்சு வைக்கிற எல்லாத்துலயும் போடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. குழந்தை இருக்கிற வீடாச்சே. ஒரு கை போடச் சொன்னாங்க, நான் ரெண்டு கை போட்டேன். அந்த டிரம்முல.”

“நீல டிரம்முலயா?”

“அதுலதான். அடுத்த நாள் காலையில அதே தண்ணியிலதான் இவ புட்டியை ஊத்திக் கலக்கினேன். அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. அன்னிக்கு இவ தட்டைக் காட்டிப் பேசிட்டிருந்தா பாருங்க, கிருமி மருந்து பட்டா சாகும்னு. அப்பதான் திக்குனு ஆச்சு.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்லுவேன்? ஊரே நின்னு சிரிச்சுட்டுப் போகுது. இவரு களையில்லாத இடத்துல களை பிடுங்கிட்டிருக்காரு. அதுக்கெல்லாம் காரணம் நான்னு சொல்ல வாய் வரணுமில்ல?” கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். வெங்காயம் கையில் இருந்தது ஒரு வசதியாகப் போயிற்று. “அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல.”

“இன்னும் என்ன?”

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

“அந்த நாலு வரிசைக்கும் நான் ஊத்திட்டேன்.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. “எதை?”

“இவ மருந்தைத்தான். நாலு வரிசை மட்டும் ஊதாவா நின்னா, எவனாவது ரோட்டுல நின்னு அதையும் கிண்டல் பண்ணுவானே! இவரு வேற அந்தப் பக்கமே திரும்பாம நடக்குறாரு. முதல்ல மருந்து செத்ததும் என்னாலதானேன்னு, ஒரு புட்டியை எடுத்துட்டுப் போய்ப் பூவாளியில கலந்து, இவரு தூங்குற நேரமாப் பார்த்து மூணு மத்தியானம் ஊத்தினேன். கிணத்துத் தண்ணியிலதான் கலந்தேன், அதுல மட்டும் கவனமாத்தான் இருந்தேன். எல்லாம் பச்சையானா இவ சந்தோஷப்படுவான்னு நினைச்சேன். இவ என்னடான்னா மூட்டை கட்டுறா.”

“அம்மா, நீங்க இதை இப்பவே போய் அவங்ககிட்ட...”

நான் முடிக்கவில்லை. ஈரத்தலையில் துண்டோடு சின்னவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். வாசலை அவள் அடைத்துக்கொண்டிருந்ததால் போக முடியவில்லை. குலுக்கு மெஷின் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“நாலு வரிசைக்கும் ஊத்தினீங்களா?” என்றாள் சின்னவள்.

“ஆமா.”

“எத்தனை மூடி?”

“பூவாளிக்கு ரெண்டு மூடி. நீ ரெண்டாவது தடவை கலக்கினப்ப பாத்துக்கிட்டேன்.”

“சரியாத்தான் ஊத்தியிருக்கீங்க.” அவள் மெல்லச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். “அக்கா, நான் கம்பெனிக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். பத்து நாளா எனக்குத் தூக்கமில்ல. நான் படிச்சதெல்லாம் பொய்யின்னு நினைச்சுட்டேன்.”

“தெரியும்டி. உன் மூஞ்சியை நான் பாக்கலையா? நீ போயிட்டா குழந்தையும் போயிடும்னுதான் சொல்றேன்னு நினைச்சுக்காதே. சரி, அதுவும்தான்.”

சின்னவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெரியவள் பயந்துபோய் முறத்தை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, அழுகையும் சிரிப்பும் கலந்து வந்துகொண்டிருக்கிறது என்று.

திடீரென்று சின்னவள் நிமிர்ந்தாள். “நான் புட்டியை எண்ணினேனே! ஒண்ணும் குறையலையே?”

பெரியவள் முறத்தை மறுபடியும் மடியில் எடுத்துக்கொண்டாள். “காலிப் புட்டியில தண்ணியை ஊத்தி அங்கேயே வெச்சுட்டேன்.”

“வெறும் தண்ணியையா?”

“நிறம் வேணுமேன்னு கொஞ்சம் டீத்தண்ணி கலந்தேன்.”

“ஐயோ அக்கா! நாளைக்கு அதை நான் யார் கையிலயாவது கொடுத்திருந்தா?”

“சர்க்கரை போடல” என்றாள் பெரியவள், பெரிய சமாதானமாக.

அதற்குப் பிறகு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அறுபத்திரண்டு புட்டிகளையும் திறந்து மோந்து பார்த்தோம். நல்ல புட்டி மழை விழுந்த மண்ணும் புளித்த மாவும் சேர்ந்த வாசனை அடிக்கும் என்று சின்னவள் சொல்லிக் கொடுத்தாள். நாற்பத்தேழாவது புட்டி என் கைக்கு வந்தது. இஞ்சி தட்டிப் போட்ட டீ. பெரியவள் டீயில் இஞ்சி இல்லாமல் இருக்காது.

சத்தம் கேட்டுப் பெரியவர் எழுந்து வந்தார். நடந்ததைச் சின்னவளே சொன்னாள். டிரம், பவுடர், நாலு வரிசை, டீ எல்லாவற்றையும். பெரியவள் வெங்காயத்தோல் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டு முடித்து, மனைவி பக்கம் திரும்பினார்.

“மூணு மத்தியானமா போன?”

“ஆமா.”

“நான் தூங்குற நேரத்துல?”

“ஆமாங்க.”

“எனக்கும் போகணும்னுதான் இருந்தது. ஊத்தக் கூடாதுன்னுட்டாளேன்னு அடக்கிக்கிட்டுப் படுத்திருந்தேன்” என்றார். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அந்தப் பேச்சை அதற்கு மேல் யாரும் வளர்க்கவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தது. களத்தில் பாய் விரித்து முப்பத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை, இருந்தாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. சின்னவள் எழுந்து, முதல் தடவை ஏன் ஊதாவானது, இரண்டாவது தடவை என்ன செய்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பவுடரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில், “தண்ணியில ஒரு கலப்பு ஆயிடுச்சு” என்று பூசி மெழுகிக் கடந்துவிட்டாள். நாலு வரிசையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

‘ஆனாலும்’ விடுவாரா? “ஆனாலும் கடைசியில கயிறு கட்டின வரிசைக்கு மருந்தே போடலைன்னு கேள்விப்பட்டேனே. அது எப்படிப் பச்சையா இருக்கு? அப்ப உன் மருந்துக்கு என்ன வேலை?”

சின்னவள் பதில் சொல்லும்முன் பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த பெரியவள் எழுந்துவிட்டாள். எழுந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையை இழுத்துச் செருகினாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் பார்த்ததில்லை.

“அதுக்கு நான்தான் ஊத்தினேன்” என்றாள். “யாருக்கும் தெரியாம. முதல்ல செத்ததும் என்னாலதான். டிரம்முல பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தேன். இவ என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேங்கறா. நீங்க இவளைக் கேள்வி கேக்காதீங்க, என்னைக் கேளுங்க.”

‘ஆனாலும்’கூட வாயைத் திறந்து மூடிக்கொண்டார். பிறகுதான் கேட்டார்: “ஆனாலும் நாலு வரிசைக்கும் ஊத்தினியா தாயி? ஒண்ணு விடாம?”

பெரியவள் யோசித்தாள். “மூணாவது நாள் கடைசி வரிசையில கடைசியா இருந்தேன். இவரு சைக்கிள் மணி கேட்டுச்சு. பூவாளியைப் போட்டுட்டு ஓடிட்டேன். கடைசியில கொஞ்சம் விட்டுப்போச்சு.”

சின்னவளின் முகம் மாறியதை நான் பார்த்தேன். “எங்கே அக்கா?”

“கிணத்து மூலையில. புதர்ப் பக்கம்.”

முப்பத்தைந்து பேரும் எழுந்து நடந்தோம். பெரியவள் முன்னால் போனாள், சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சோளத் தோகை எல்லோருடைய கையிலும் உரசிச் சரசரத்தது. கடைசி வரிசையின் முனைக்கு வந்ததும் அவள் நின்றாள். அங்கே புதர் மறைத்திருந்ததால் ரோட்டிலிருந்தும் தெரியாது, நடுவயலிலிருந்தும் தெரியாது. பதினொரு செடிகள். முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. வெயில் வந்ததில் கொஞ்சம் தேறித்தான் இருந்தன. ஆனால் புதிதாக வந்த இலையின் ஓரத்திலும் அந்த ஊதா கோடு போட்டதைப் போல ஓடியது. பன்னிரண்டாவது செடி இடுப்பளவு நின்றது.

ஒருவர் குனிந்து இலையைத் தடவிப் பார்த்தார். இன்னொருவர் பன்னிரண்டாவதையும் தடவிப் பார்த்தார்.

“ஆனாலும் இது புதர் ஓரம். நிழல் விழும். இந்த இடத்துல எது வெச்சாலும் நோஞ்சானாத்தான் வரும்” என்றார் ‘ஆனாலும்’.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சின்னவள் தலையாட்டினாள்.

“அவர் சொல்றதும் சரிதான். பதினொரு செடியை வெச்சு நான் சத்தியம் பண்ணமாட்டேன். எனக்கு இன்னொரு போகம் வேணும். ஊத்தினது பத்து வரிசை, ஊத்தாதது பத்து வரிசை, நடு வயல்ல, எல்லாத்துக்கும் ஒரே வெயில். அதைப் பாத்துட்டு வாங்குறவங்க வாங்குங்க. அது வரைக்கும் மூட்டையை யாரும் மொத்தமா நிறுத்திடாதீங்க.”

“அப்ப கம்பெனி?” என்று மெல்லக் கேட்டார் வேன்காரர், அவள் காதருகே.

“இன்னொரு போகம் வேணும்னு சொன்னேனே, கேக்கலையா?” என்றாள் அவள்.

“எங்க நடு வயல்ல வெச்சுக்க” என்றார் ‘ஆனாலும்’. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். “ஆனாலும் உங்க வீட்டுல வெச்சா மறுபடியும் யாராவது ஊத்திடுவாங்க.”

முதலில் சிரித்தது பெரியவள்தான். அதற்குப் பிறகு கூட்டமே சிரித்தது.

ஒவ்வொருவராகக் களத்துக்குத் திரும்பினார்கள். பெரியவர் மட்டும் அந்த மூலையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். பதினொரு செடிகளையும் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் காலிலும் மண்ணை விரலால் லேசாகக் கிளறி, வேர் பக்கம் குழி மாதிரி செய்தார்.

“போதுமாம்மா, பாத்தது?” என்றார், திரும்பாமல்.

“போதும் மாமா.”

“அப்ப ஊத்தலாமா?”

சின்னவள் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்து, பெரியவள் முதலில் மோந்து பார்த்துத் தலையாட்டினாள். பெரியவர் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் மொண்டுவந்து தன் கையாலேயே கலக்கினார். முதல் செடிக்கு ஊற்றிவிட்டு, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அடுத்த செடிக்கு நகர்ந்தார்.